நூறு பேரில் எத்தனை பேருக்கு முட்டி வலி?

என் அப்பத்தா தரையிலிருந்து எழுந்திருப்பதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. முதலில் வலது கை தரையில் ஊன்றும். இடது கை இடது முட்டியின் மேல் அழுத்தமாக உட்காரும். 'முருகா' என்று ஒரு மூச்சு வரும். உடம்பு பாதி எழும்பியதும் வலது கை சுவரைத் தேடிப் போகும். திருப்பரங்குன்றம் பக்கம் எங்கள் பழைய வீட்டில், அந்தக் கை போய்ப் படுகிற இடத்தில் மட்டும் சுண்ணாம்பு கறுத்து வழவழவென்று இருக்கும்.

ஒரு நாள் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் கையில் ஃபாரத்தோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வீடு வீடாகக் கணக்கெடுப்பு. சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, "முட்டி வலி இருக்கா பாட்டி?" என்றார்கள். அப்பத்தா யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லத்தா, நல்லாத்தேன் இருக்கேன்" என்றார். ஒரு பிள்ளை 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தது. அப்புறம் அப்பத்தா அவர்களுக்கு மோர் கொண்டுவர எழுந்தார். வலது கை தரையில், இடது கை முட்டியில், முருகா, சுவர்.

நான் இப்போது பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்குப் பாதி முட்டிக்காரர்கள்தான். "மூட்டுத் தேய்மானம் எத்தனை பேருக்கு இருக்கு சார்?" என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த டிக் ஞாபகம் வந்துவிடுகிறது. ஏனென்றால் இந்தக் கேள்விக்கு இணையத்தில் தேடினால் ஒரு பதில் கிடைக்காது, ஐந்தாறு கிடைக்கும். உலகத்தில் எல்லா மூட்டுகளையும் சேர்த்து, தேய்மான நோய் இருப்பவர்கள் 2020-இல் 59.5 கோடிப் பேர் என்கிறது ஒரு பெரிய ஆய்வு. அதே 2020-க்கு, முட்டியில் மட்டும், அதுவும் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும், 65.4 கோடிப் பேர் என்கிறது இன்னொரு ஆய்வு. முட்டி, கை, இடுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கைவிட முட்டிக் கணக்கு மட்டும் எப்படிக் கூடுதலாக இருக்க முடியும்? யாரோ தப்புக்கணக்குப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இல்லை. யாரை எண்ணுகிறோம், எதை நோய் என்று வைத்துக்கொள்கிறோம், என்ன கேள்வி கேட்கிறோம் என்ற மூன்றும் மாற மாற எண்ணும் மாறும். இந்த மூன்றையும் கேட்கப் பழகிவிட்டால் எந்த நோயைப் பற்றி எந்தப் புள்ளிவிவரம் கண்ணில் பட்டாலும் அதன் எடை நமக்குத் தெரியும்.

முதலில் முட்டியைப் பற்றிக் கொஞ்சம். தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கிற இடம் அது. முன்னால் சில்லு. எலும்பு முனைகளின் மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. நம் ஊரில் முட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் 'ஜவ்வு' என்று ஒரே பெயர். "ஜவ்வு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க" என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குருத்தெலும்பைத்தான் சொல்கிறார்கள். அது மெலிந்து வெடிக்கிறது, அடியில் உள்ள எலும்பு இறுகுகிறது, ஓரங்களில் எலும்பு முளை விடுகிறது, மூட்டின் உள்ளுறை வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இளைக்கிறது. மருத்துவர்கள் இதை ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். ஒரு பாகம் தேய்ந்த கதை என்று இதைச் சொல்ல முடியாது, மூட்டு முழுவதும் சேர்ந்து மாறுகிறது.

வைகை அணையும் நோய்க் கணக்கும்

ஒரு நோய் மக்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற அளவுக்குத் தமிழில் 'பரவல் விகிதம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சங்கடம் உண்டு. பரவுகிறது என்றதும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது போல் ஆகிவிடுகிறது. முட்டித் தேய்மானம் தொற்றாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல சொல் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. செய்தித்தாளில் வைகை அணை நிலவரம் போடுவார்கள். மொத்த உயரம் 71 அடி, இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, நீர்வரத்து இவ்வளவு, நீர்த்திறப்பு இவ்வளவு, நீர் இருப்பு இவ்வளவு. விவசாயக் குடும்பத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இவையெல்லாம் வெவ்வேறு விஷயம் என்று தெரியும்.

நோய்க்கும் அப்படித்தான். இன்றைய தேதியில் நோயோடு இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது இருப்பு. இந்த ஒரு வருஷத்தில் புதிதாக நோய் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது வரத்து. சளிக் காய்ச்சலுக்கு வரத்து மிக அதிகம், ஆனால் ஒரு வாரத்தில் எல்லாரும் தேறிவிடுவதால் எந்த நாளில் பார்த்தாலும் இருப்பு குறைவு. முட்டித் தேய்மானம் இதற்கு நேர்மாறு. முன்பு நான் சொன்ன முட்டி ஆய்வின்படி ஆண்டுக்கு 10,000 பேரில் புதிதாக வருவது 203 பேருக்கு, நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் வந்தது திரும்பிப் போவதில்லை. வலியைக் குறைக்கலாம், நடையை மீட்கலாம், கடைசிக் கட்டத்தில் மூட்டையே மாற்றலாம். போன குருத்தெலும்பைப் பழையபடி வளர்த்துத் தருகிற மருந்து இன்று கிடையாது. மதகு மூடிய அணை மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக வருகிற தண்ணீர் முழுவதும் உள்ளேயே நிற்கிறது. மக்கள் நீண்ட காலம் வாழ வாழ இருப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஆயுள் கூடுவது நல்ல செய்தி, அந்த நல்ல செய்தியின் கூடவே வருகிற சுமை இது.

எந்த நூறு பேர்?

மேலூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இலவச முட்டி முகாம் நடந்தது. பள்ளிக்கூட மரத்தடியில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்தோம். காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களில் முட்டியில் கோளாறு இல்லாதவர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அவர்களும் பெரும்பாலும் துணைக்கு வந்த மருமகள்கள், பேரன்கள். மாலையில் முகாமை நடத்தியவர்களில் ஒருவர் மைக் பிடித்து, "இந்த ஊரில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மூட்டுத் தேய்மானம்" என்று அறிவித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையில் ஏறி மறுக்க அன்று தைரியம் வரவில்லை, இங்கே சொல்கிறேன். முட்டி வலி முகாமுக்கு முட்டி வலிக்கிறவர்கள்தான் வருவார்கள். வயலில் வேலையாக இருந்தவர்கள், வலியே இல்லாமல் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறிப் போனவர்கள் யாரும் அந்த நூறில் இல்லை. ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டு மதுரையில் எத்தனை பேர் சேலை வாங்குகிறார்கள் என்று எண்ணினால் எல்லாருமே வாங்குகிறார்கள் என்றுதான் விடை வரும்.

அதனால் உண்மையான கணக்கெடுப்புக்கு வீட்டுக்குப் போக வேண்டும். வலி இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் ஒரே மாதிரி அகப்படுவதற்கு அதுதான் வழி. இந்தியாவில் அப்படிச் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நாட்டின் ஐந்து இடங்களில், பெருநகரம், சிறுநகரம், டவுன், கிராமம் என்று பிரித்து, வீடு வீடாகப் போய் ஐயாயிரம் பேரைப் பார்த்தார்கள். முட்டித் தேய்மானத்தின் இருப்பு 28.7 சதவீதம் என்று வந்தது. பெண்களிடம் மட்டும் பார்த்தால் 31.6. நாம் அடிக்கடி கேள்விப்படுகிற 'நூற்றுக்கு 28' இங்கிருந்து வருகிறது.

வீட்டுக்குப் போய்விட்டால் மட்டும் போதாது, வீட்டில் யாரை எண்ணுவது என்பதும் இருக்கிறது. முன்பு சொன்ன முட்டி ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அது, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்தால் 16 சதவீதம் என்கிறது. நாற்பதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் 22.9. ஆய்வு ஒன்றுதான், கீழே வகுக்கிற எண் மட்டும் மாறுகிறது. ஒரு கற்பனைக் கிராமத்தை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். ஊரில் 1,000 பேர், அதில் நாற்பதைத் தாண்டியவர்கள் 400 பேர், அந்த 400-இல் 100 பேருக்கு முட்டித் தேய்மானம் என்று வையுங்கள். இளையவர்களில் யாருக்கும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். "ஊரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிறது" என்று ஒருவர் எழுதுவார். "நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு" என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டு பேரும் எண்ணியது அதே நூறு பேரைத்தான்.

எக்ஸ்ரே சொல்வதும் கால் சொல்வதும்

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். நான் இதில் கொஞ்சம் நின்று பேசுவேன், ஏனென்றால் தினமும் என் முன்னால் உட்காருகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

ஒரு அம்மா வருவார், எக்ஸ்ரே கவரைப் பிரித்து நீட்டுவார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. "எவ்வளவு வலிக்குதும்மா?" என்றால், "ராத்திரி கொஞ்சம் கடுக்கும், தைலம் தேச்சா சரியாப் போயிரும்" என்பார். அதே நாள் இன்னொருவர் வருவார். எக்ஸ்ரே கிட்டத்தட்ட நன்றாக இருக்கும். ஆனால் மாடிப்படி இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். குருத்தெலும்பில் நரம்பு கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. அது தேய்வது அதற்கே தெரியாது. வலி வருவது அடியில் உள்ள எலும்பிலிருந்து, வீங்கிய உள்ளுறையிலிருந்து, இழுபடுகிற தசைநாரிலிருந்து. எக்ஸ்ரேயிலோ குருத்தெலும்பே தெரியாது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் தெரிகிற கறுப்பு இடைவெளியை வைத்துத்தான் அது இவ்வளவு மிச்சம் இருக்கும் என்று ஊகிக்கிறோம். அதனால்தான் முட்டி எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுக்கச் சொல்வது. படுக்க வைத்து எடுத்தால் உடம்பின் பாரம் இறங்காமல் இடைவெளி இருப்பதைவிட அகலமாகத் தெரியும். அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கப் போனால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது இது.

இந்த இடைவெளியையும் எலும்பு முளைகளையும் வைத்து முட்டியைப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை தரம் பிரிக்கிற முறையை 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். இரண்டாம் தரமும் அதற்கு மேலும் இருந்தால் தேய்மானம் என்று எண்ணுவது வழக்கம். 'கிரேடு த்ரீ' என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பினால் கணக்கு எங்கே போகும், வலியையும் சேர்த்துக் கேட்டால் எங்கே போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் நடந்த ஆய்வு நல்ல உதாரணம். இதய நோய்க்காக 1948-இல் தொடங்கிய ஆய்வு அது, அதே மக்களின் முட்டிகளையும் பிற்பாடு படம் எடுத்தார்கள். 1987-இல் முடிவு வெளியானது. அறுபதைத் தாண்டிய 1,400-க்கும் மேற்பட்டவர்களில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது சுமார் 33 சதவீதம் பேருக்கு. எக்ஸ்ரேயிலும் தெரிந்து, வலியும் இருந்தவர்கள் சுமார் 9.5 சதவீதம்தான். மூன்றில் ஒருவர் என்றும் சொல்லலாம், பத்தில் ஒருவர் என்றும் சொல்லலாம். இன்னொன்றும் அதில் வந்தது. எக்ஸ்ரேயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 31-உம் 34-உம். வலியும் சேர்ந்த தேய்மானமோ ஆண்களில் சுமார் 7 சதவீதம், பெண்களில் சுமார் 11.

தொடக்கத்தில் சொன்ன 59.5 கோடி, 65.4 கோடி குழப்பம் இப்போது அவிழ்ந்துவிடும். 59.5 கோடி என்று சொன்ன ஆய்வு கறாரானது. எக்ஸ்ரேயில் இரண்டாம் தரமாவது இருக்க வேண்டும், கூடவே கடந்த ஒரு வருஷத்தில் ஒரு மாதமாவது வலி இருந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும். 65.4 கோடி ஆய்வு, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்த ஆய்வுகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் விழுகிறதும் அதிகமாக இருக்கும்.

மூன்றாவதாக ஒரு சல்லடையும் உண்டு. எக்ஸ்ரேயும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம், "உங்களுக்கு மூட்டு நோய் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டு எழுதிக்கொள்வது. இந்தியாவில் 2017–18-இல் 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்த முதியோர் ஆய்வில் நாள்பட்ட நோய்களைப் பற்றி இப்படித்தான் கேட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தைப் படம் எடுக்க முடியாது, அதனால் இது நியாயமான வழிதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டாக்டர் சொல்ல வேண்டும் என்றால் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். உசிலம்பட்டிக்கு உள்ளே ஒரு ஊரில் காடுகரையே கதி என்று இருக்கிற ஒரு ஆத்தா, முட்டிக்காக எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை என்றால், அவருக்கு நோய் இல்லை என்று ஆகிவிடும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற ஊரில் நோய் அதிகமாகத் தெரியும், தூரத்தில் இருக்கிற ஊரில் குறைவாகத் தெரியும்.

இத்தனை வருஷத்தில் எவ்வளவு கூடியது?

"எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு? அப்பல்லாம் எழுவது வயசுக் கிழவி அழகர்மலைக்கு நடந்து ஏறுவா" என்று சொல்லாத ஆள் கிடையாது. கணக்கு என்ன சொல்கிறது? எல்லா மூட்டுகளையும் சேர்த்து இந்தியாவில் இந்த நோய் இருந்தவர்கள் 1990-இல் சுமார் 2.35 கோடி. 2019-இல் 6.23 கோடி. இரண்டரை மடங்குக்கு மேல். இதை மட்டும் தலைப்பில் போட்டால் பயமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த இருபத்தொன்பது வருஷத்தில் மக்கள்தொகையும் பெருகியது, முதியவர்களின் பங்கும் கூடியது. அதைக் கழித்துப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வயதுச் சீராக்கம் என்று சொல்லலாம். ஒத்தக்கடையைத் தாண்டிப் புதிதாக முளைத்த ஒரு நகர், முழுக்கச் சின்னக் குழந்தைகளோடு லோன் போட்டு வீடு கட்டிய குடும்பங்கள். இன்னொரு பக்கம் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம், வாலிபப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, திண்ணைகளில் தாத்தா பாட்டிகள் மட்டும். இந்த இரண்டு ஊரையும் அப்படியே ஒப்பிட்டால், கிராமத்துத் தண்ணீரில் ஏதோ கெடுதல் என்று கூட யாராவது கிளப்பிவிடுவார்கள். இரண்டு ஊரிலும் ஐம்பது வயதுக்காரர்களை ஐம்பது வயதுக்காரர்களோடும், எழுபதை எழுபதோடும் தனித்தனியாக ஒப்பிட்டு, பிறகு இரண்டு ஊருக்கும் ஒரே வயது அமைப்பு இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். சீராக்கம் அவ்வளவுதான்.

அப்படிச் சீராக்கிப் பார்த்தால் இந்தியக் கணக்கு லட்சம் பேருக்கு 4,895-இலிருந்து 5,313-ஆகத்தான் கூடியிருக்கிறது. எல்லா வயதினரையும் சேர்த்து நூற்றுக்கு ஐந்து பேர் என்பது பெரிதாக மாறவில்லை. ஆக, இரண்டரை மடங்கு உயர்வில் பெரும்பகுதி நாம் அதிகமானதாலும், நீண்ட காலம் வாழ்வதாலும் வந்தது. அழகர்மலை ஏறிய கிழவியைப் பார்த்தோம், ஏற முடியாமல் வீட்டில் கிடந்த கிழவிகளை யாரும் கதையாகச் சொல்லவில்லை, அறுபதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. தமிழ்நாட்டுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4. அதே கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30 லட்சத்து 38 ஆயிரம் பேர். இந்த ஜனத்தொகை மூப்படைந்துகொண்டே போகும்போது எத்தனை பிசியோதெரபிஸ்ட் வேண்டும், எத்தனை ஆபரேஷன் மேசை வேண்டும் என்று திட்டமிடுகிறவர்களுக்குச் சீராக்கிய எண் உதவாது, மொத்தத் தலைக்கணக்குத்தான் வேண்டும். நோய்க்குப் புதிதாக ஏதாவது காரணம் சேர்ந்திருக்கிறதா என்று தேடுகிறவர்களுக்குச் சீராக்கிய எண் வேண்டும். கேள்வி எதுவோ அதற்கேற்ற எண்.

யாருக்கு அதிகம்?

பெண்களுக்கு அதிகம் என்பதில் ஏறக்குறைய எல்லா ஆய்வும் ஒத்துப்போகின்றன. உலக அளவில் ஆண்களைப்போல் 1.69 மடங்கு. உடல் எடை அடுத்தது. நடக்கும்போது ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முட்டியின் மேல் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஃபிரேமிங்ஹாம் பெண்களில் பத்து வருஷத்தில் சுமார் ஐந்து கிலோ குறைத்தவர்களுக்கு வலியோடு கூடிய தேய்மானம் வருகிற வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது. ஐந்து கிலோதான். எடைக் குறைப்பு என்றதும் முப்பது கிலோவை நினைத்து மலைத்துப் போகிறவர்களிடம் நான் இதை அடிக்கடி சொல்வேன்.

மூன்றாவது, நாம் உட்காருகிற விதம். பெய்ஜிங்கில் அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பார்த்தபோது பெண்களில் 42.8 சதவீதம் பேருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது, அதே வயது ஃபிரேமிங்ஹாம் பெண்களைவிட அதிகம். இளம் வயதில் நாளில் நீண்ட நேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்ததும் அந்த ஆய்விலிருந்தே தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு மல்லிகைப் பூக் கட்டுகிற பெண்கள்தான் கண்முன் வந்தார்கள். விடியற்காலையில் பூவை முன்னால் குவித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, ஒரு முட்டியைக் குத்திட்டு, அதன் மேல் நாரை இழுத்து இழுத்துக் கட்டுவார்கள். கை மட்டும் பறக்கும், கால் மணிக்கணக்கில் அசையாது. ஒரு மேசையும் ஒரு ஸ்டூலும் அந்த முட்டிகளுக்கு என்ன செய்யும் என்று யாராவது நம் ஊரிலேயே அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இதே மூச்சில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய் ஐயாயிரம் பேரைப் பார்த்த அந்த இந்திய ஆய்வில் தேய்மானத்தோடு சேர்ந்து காணப்பட்டவை பெண்பால், வயது, உடல் பருமன், இவற்றோடு உட்கார்ந்தே செய்கிற வேலை. ஓடியாடி உழைக்கிறவர்கள் முட்டிதான் தேய்கிறது என்று நாம் நினைப்பதற்கு இது ஒத்துப்போகவில்லை. 'தேய்மானம்' என்ற சொல்லே நம்மைத் தவறாக வழி நடத்துகிறது. சைக்கிள் டயர் மாதிரி ஓட ஓடத் தேயும், ஓட்டாமல் வைத்தால் மிச்சமாகும் என்ற நினைப்பு. அதை நம்பி நடையை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் தொடைத் தசை இளைக்கிறது, தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் முட்டி இன்னும் தள்ளாடுகிறது. அளவான நடையும் தொடைத் தசைக்கான பயிற்சியும்தான் உலகம் முழுக்க மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். இதற்குக் காசு செலவில்லை. முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகிக் கிடந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நூற்றுக்கு 28.7 என்பதை எனக்கு மறுபக்கத்திலிருந்து படிக்கவும் பிடிக்கும். அந்த நூறு பேரில் 71 பேருக்கு இல்லை. ஃபிரேமிங்ஹாமில் எண்பது வயதைத் தாண்டியவர்களில் கூட எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது 44 சதவீதம் பேருக்குத்தான். பாதிக்கு மேற்பட்டவர்களின் முட்டி அந்த வயதிலும் அளவுகோலைத் தாண்டவில்லை. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று சொல்லி ஒரு அறுபது வயது அம்மாவைத் திருப்பி அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறாது. எல்லாருக்கும் வருவதில்லை. வந்தவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது.

அப்பத்தா அன்று பொய் சொல்லவில்லை என்பது எனக்கு இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. வலி என்றால் அவருக்குப் பிரசவ வலி, தேள் கடி, கை ஒடிந்தது. முட்டியில் இருந்தது வலி என்ற கணக்கில் சேரவில்லை, அது வயசு. போதாததற்கு, வலிக்கிற காரியங்களை அவர் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். மலைக்கோயில் படி ஏறுவதில்லை, கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வருவார். கிணற்றடியில் குத்தவைத்துத் துணி துவைப்பதில்லை. ஏறாத படியில் வலி எப்படி இருக்கும்?

அதனால் என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை வீடுகளுக்கு அழைத்துப் போகும்போது, "வலி இருக்கா?" என்ற கேள்வியைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். முதலில் தரையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள், முன்பு செய்துகொண்டிருந்ததில் எதை விட்டுவிட்டார்கள், எப்போதிலிருந்து விட்டார்கள் என்று கேட்க வேண்டும். போன மாதம் நிலையூரில் ஒரு வீட்டில், அப்பத்தா சாயலிலேயே ஒரு பாட்டி. பயிற்சிக்கு வந்த பெண் குனிந்து, "சுவத்தைப் பிடிக்காம எந்திரிப்பீங்களா பாட்டி?" என்று கேட்டது.

பாட்டி அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்தார். "சுவத்தைப் பிடிக்காம நான் எந்திரிச்சு அஞ்சாறு வருசமாச்சுத்தா. இதைப் போயி யாரும் கேட்டதே இல்லையே" என்றார்.

அந்தப் பெண் ஃபாரத்தைத் தொடை மேல் வைத்து, முட்டிக் கோளாறு என்ற வரியில் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தது.